நியூ ஜெர்சி ஆளுநர் முதனிலைத் தேர்தல்: புதிய குடிமக்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு எனக்கு வாய்த்த முதல் ஆளுநர் தேர்தல், நியூ ஜெர்சியில் 2025-இல் நடந்தது. நவம்பரில் வாக்குச்சாவடிக்குப் போனால் போதும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஜனநாயகக் கட்சியில் ஆறு பேரும் குடியரசுக் கட்சியில் ஐந்து பேருமாகப் பதினொருவர் களத்தில் நின்றார்கள்; அந்தப் பதினொருவர் இருவராகக் குறைந்தது ஜூன் 10 அன்று நடந்த முதனிலைத் தேர்தலில். கட்சிகள் தத்தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும், பிரைமரி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தேர்தலுக்கான முதல் கெடு ஏப்ரல் நடுவிலேயே முடிந்துவிடுகிறது என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். என் வாக்கு வீணாகவில்லை என்றாலும் தேவையற்ற அலைச்சல் பட்டேன். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தேதிகளுக்கு 2025-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தேதிகள் ஆண்டுதோறும் நகரும்; தேர்தல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1. ஆளுநர் என்றால் யார் என்பதில் தெளிவு கொள்ளுங்கள்

நம் ஊரில் ஆளுநர் என்பவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். இங்கே அந்தப் பெயரைத் தாங்குபவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாநில அரசை நடத்துபவர். பொறுப்பில் நம் முதலமைச்சரை ஒத்தவர். அதிலும் நியூ ஜெர்சி ஆளுநருக்கு அதிகாரம் மிகுதி. பல மாநிலங்களில் தலைமை அரசு வழக்கறிஞரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே அவரை ஆளுநர் நியமிக்கிறார். துணை ஆளுநரின் பெயரை முதனிலை வாக்குச்சீட்டில் தேடாதீர்கள். கட்சி வேட்பாளராக வென்றவர், அதன் பிறகே தம் துணையைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பார்.

2. குடியுரிமைக்குப் பிறகே பதிவு செய்யுங்கள்

இந்தப் படியில் நேரும் பிழைக்குத் திருத்தமே இல்லாமல் போகலாம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர், எச்-1பி விசாவில் இருப்பவர், உறுதிமொழி நாளுக்காகக் காத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் வாக்குரிமை இல்லை. மோட்டார் வாகன ஆணையத்தில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளர் பதிவும் சேர்ந்து நடக்கும் ஏற்பாடு இந்த மாநிலத்தில் இருக்கிறது. அங்கே குடியுரிமை பற்றிய கேள்விக்கு அவசரத்தில் தவறாக விடையளித்துக் கையொப்பமிட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாகக் கருதப்பட்டு, பின்னாளில் குடியுரிமையே மறுக்கப்படவும் நாட்டை விட்டு வெளியேற்றப்படவும் நேரலாம். அந்தத் திரையையோ படிவத்தையோ வரிவரியாகப் படியுங்கள். தவறாகப் பதிவாகிவிட்டதாகத் தெரிந்தால், வாக்களிக்காமல், உடனே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை அணுகுங்கள்.

குடியுரிமை பெற்றவருக்குப் பதிவு எளிது; கட்டணம் ஏதும் இல்லை. நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிம எண் அல்லது சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். பாஸ்போர்ட் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. செலவெல்லாம் இதற்கு முந்தைய படியில்தான் இருக்கிறது: குடியுரிமை கோரும் என்-400 விண்ணப்பத்துக்கு இணையவழியில் 710 டாலர், தாளில் 760 டாலர் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் வந்த கட்டணம். ஜூனில் வாக்களிக்க விரும்புகிறவர் அந்த விண்ணப்பத்தை அதற்கு வெகு முன்பே அனுப்பியிருக்க வேண்டும்.

பதிவுக்கான கெடு தேர்தலுக்கு 21 நாட்கள் முன்பு. 2025-இல் அது மே 20. வேறு கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு) குடிபெயர்ந்தவர்களும் இதே கெடுவுக்குள் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். 2026 முதல், நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 வயது நிறையும் 17 வயதினரும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதால், வீட்டில் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளை இருந்தால் அவரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், சிலருக்கு முதல் எழுத்து மட்டும் நடுப்பெயராகவும், ஓர் ஆவணத்துக்கு ஓர் ஆவணம் மாறி நிற்கும். குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயரை முதலில் ஓட்டுநர் உரிமத்திலும் சமூகப் பாதுகாப்பு அலுவலகப் பதிவிலும் ஒன்றுபோல ஆக்கிவிட்டு, அதே வடிவில் வாக்காளர் பதிவைச் செய்யுங்கள். கையொப்பத்திலும் கவனம் தேவை. சான்றிதழில் தமிழிலும் உரிமத்தில் ஆங்கிலத்திலும் கையெழுத்திடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அஞ்சல் வாக்கில் இடும் கையொப்பத்தை அரசிடம் ஏற்கெனவே உள்ள கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்தக் கையொப்பத்தைப் பதிவில் தருகிறீர்களோ, அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

3. கட்சி பற்றிய முடிவை ஏப்ரலுக்குள் எடுங்கள்

நியூ ஜெர்சி முதனிலைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டு வேறு, குடியரசுக் கட்சியின் வாக்குச்சீட்டு வேறு. ஒருவர் ஒன்றில்தான் வாக்களிக்க முடியும். மாநில வாக்காளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள். நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால், வாக்குச்சாவடிக்குப் போய் அங்கேயே ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நொடியிலிருந்து உங்கள் பெயர் அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிவாகும். ஒரு கட்சியில் ஏற்கெனவே பதிவானவர் மற்றக் கட்சிக்கு மாற விரும்பினால், தேர்தலுக்கு 55 நாட்கள் முன்பே கட்சிச் சார்பு அறிவிப்புப் படிவத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். 2025-இல் அந்தக் கெடு ஏப்ரல் 16. தொலைக்காட்சி விளம்பரங்கள் சூடுபிடிக்கும் மே மாதத்தில், மற்றக் கட்சியின் வேட்பாளர் ஒருவர் மனத்துக்குப் பிடித்துப்போனாலும் அப்போது மாற வழியில்லை.

கட்சிப் பதிவு என்றதும் நம் ஊர்க் கட்சி உறுப்பினர் அட்டை நினைவுக்கு வந்து தயங்குகிறவர்கள் உண்டு. இங்கே சந்தா இல்லை, கடமை இல்லை. நவம்பரில் எந்தக் கட்சிக்கும் வாக்களிக்கலாம். ஆனால் எந்தக் கட்சியில் பதிவாகியிருக்கிறீர்கள் என்பது வாக்காளர் பட்டியலில் தெரியும் தகவல். பிரசாரக் கடிதங்களும் அதைப் பார்த்தே வரும்.

4. அஞ்சல் வாக்கா, நேரடி வாக்கா என்பதை மே தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள்

நான் இடறியது இந்தப் படியில். எல்லாத் தேர்தல்களுக்கும் அஞ்சலில் வாக்குச்சீட்டு வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். ஆகவே இதற்கும் தானாக வரும் என்று நம்பினேன். கட்சி சாராத வாக்காளருக்கு முதனிலைத் தேர்தல் அஞ்சல் வாக்குச்சீட்டு தானாக வராது. எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்பதை அறிவித்தால்தான் அனுப்புவார்கள். அதைக் கேட்டு வந்த கடிதத்தைக் கட்சி விளம்பரம் என்று நினைத்து மற்றத் தாள்களோடு ஒதுக்கிவிட்டேன். ஜூன் முதல் வாரத்தில்தான் உண்மை புரிந்தது. பிறகு நேரில் போய், சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தாற்காலிக வாக்குச்சீட்டில் வாக்களிக்க வேண்டியதாயிற்று. வசந்த காலத்தில் கவுண்டி கிளார்க் அலுவலகத்திலிருந்து வரும் எந்த உறையையும் பிரிக்காமல் போடாதீர்கள்.

அஞ்சல் விண்ணப்பம் தபாலில் போவதானால் தேர்தலுக்கு 7 நாட்கள் முன்பு போய்ச் சேர வேண்டும்; நேரில் கொடுப்பதானால் தேர்தலுக்கு முந்திய நாள் பிற்பகல் 3 மணி வரை நேரம் உண்டு. நிரப்பிய சீட்டை அனுப்பும் உறைக்கு நீங்கள் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அஞ்சல் முத்திரை பெற்று, அடுத்த 6 நாட்களுக்குள் வந்து சேரும் வாக்கு எண்ணப்படும். நான் பரிந்துரைப்பது, கவுண்டி வைத்திருக்கும் வாக்குப் பெட்டியில் நேரில் போடுவதையே. முத்திரை விழுந்ததா என்ற கவலை இராது. உள் உறையோடு ஒட்டியிருக்கும் சான்றுப் பகுதியைக் கிழித்தெடுக்காதீர்கள். அதில் கையொப்பமிட வேண்டும். பிறருடைய வாக்குச்சீட்டை எடுத்துச் செல்கிறவர் உறையின் மேல் தம் விவரத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒருவர் மூன்று பேருடையதை, ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினர் என்றால் ஐந்து பேருடையதை, எடுத்துச் செல்லலாம். நண்பர் வட்டம் முழுவதற்கும் ஒருவரே சேகரித்துக் கொண்டுபோவது சட்டப்படி தவறு.

நேரில் வாக்களிக்க விரும்புகிறவருக்கு முன்கூட்டிய வாக்களிப்பு நாட்கள் பெரும் வசதி. 2025-இல் அவை ஜூன் 3 முதல் 8 வரை இருந்தன. காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை, ஞாயிறு மட்டும் மாலை 6 மணி வரை, உங்கள் கவுண்டியில் உள்ள எந்த முன்கூட்டிய மையத்திலும் வாக்களிக்கலாம். தேர்தல் நாளன்று உங்களுக்கு ஒதுக்கப்பட்ட சாவடியில் மட்டும், காலை 6 முதல் இரவு 8 வரை.

5. வாக்குறுதியை ஆளுநரின் அதிகாரத்தோடு ஒப்பிடுங்கள்

ஆறு பேர் பேசுவதையும் கேட்டுக்கொண்டே போனால் எல்லோரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். நான் செய்தது இது: வேட்பாளருக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் புத்தகத்தில் ஒதுக்கி, என் குடும்பத்தைத் தொடும் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டேன். மின்கட்டணம், ரயில், சொத்துவரி. ஒவ்வொன்றிலும் ஆளுநரால் உண்மையிலேயே எதைச் செய்ய முடியும் என்பதை முதலில் தெரிந்துகொண்ட பிறகு வாக்குறுதிகளைப் படித்தேன். அப்படிப் படித்தபோதுதான் வேறுபாடுகள் தெரிந்தன.

மின்கட்டணம் 2025 ஜூன் முதல் நிறுவனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 17 முதல் 20 விழுக்காடு உயர்ந்தது. கட்டணத்தை மேற்பார்வை செய்யும் பொதுப்பயன்பாட்டு வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களை ஆளுநர் முன்மொழிய, மாநில செனட் ஒப்புதல் தருகிறது. ஆனால் மின்சாரத்தை வாங்கி விற்கும் பெருஞ்சந்தையை 13 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் உள்ளடக்கிய பிஜேஎம் என்ற அமைப்பு நடத்துகிறது. அது ஒரு மாநில ஆளுநரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆகவே "கட்டணத்தைக் குறைப்பேன்" என்பவரிடம் வாரியத்துக்கு எப்படிப்பட்டவர்களை நியமிப்பார், மாநிலத்துக்குள் மின் உற்பத்தியை எவ்வழியில் பெருக்குவார், அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை வைத்திருப்பவரையும் கோபத்தை மட்டும் வெளிப்படுத்துபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ரயிலின் கதை வேறு. நியூ ஜெர்சி டிரான்சிட் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பவரும், அந்த வாரியத்தின் தீர்மானக் குறிப்புகளைத் தடுக்கும் அதிகாரம் உடையவரும் ஆளுநரே. 2025 மே நடுவில் ரயில் ஓட்டுநர்களின் மூன்று நாள் வேலைநிறுத்தத்தில் எடிசன், மெட்ரோபார்க் பகுதியிலிருந்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். இங்கே ஆளுநர் கைவிரிக்க இடமில்லை. ஆகவே நிலையான நிதிக்கு என்ன திட்டம் என்பதை வேட்பாளர்களிடம் கண்டிப்பாகக் கேட்கலாம்.

சொத்துவரியில்தான் மிகுதியான ஏமாற்றம் நேர்கிறது. சராசரி வீட்டு வரி 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. அந்த வரியை விதிப்பவை நகராட்சியும் பள்ளி வாரியமும் கவுண்டியும். ஆளுநர் தலையிடக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு: பள்ளிகளுக்கு மாநிலம் தரும் நிதி உதவி, ஆங்கர் போன்ற வரி நிவாரணத் திட்டங்கள். 2025-இல் ஆங்கர் திட்டத்தில் ஆண்டு வருமானம் 250,000 டாலர் வரை உள்ள வீட்டு உரிமையாளர்களும், 150,000 டாலர் வரை உள்ள வாடகைதாரர்களும் பயன்பெற முடிந்தது. வேட்பாளர் இதை நீட்டிப்பாரா, மாற்றுவாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பட்ஜெட்டில் தனித்தனிச் செலவினத்தை வெட்டும் அதிகாரமும் ஆளுநருக்கு உண்டு. எனவே புதிய திட்டங்களை அடுக்குபவரிடம் எதைக் குறைத்து அதற்குப் பணம் தருவார் என்று கேட்பதும் நியாயமே.

விசா, கிரீன் கார்டு வரிசை ஆகியவை கூட்டாட்சி அரசின் கையில் உள்ளவை. நம் சமூக நிகழ்ச்சிகளுக்கு வந்து எச்-1பி பற்றி உருக்கமாகப் பேசும் எவருக்கும், ஆளுநரான பின் அதில் முடிவெடுக்கும் அதிகாரம் இராது. அந்தப் பேச்சை வைத்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.

6. ஒவ்வொருவரின் பழைய வேலையை அதற்குரிய இடத்தில் தேடுங்கள்

வேட்பாளர்கள் பல வேறு பின்னணிகளிலிருந்து வருவதால், ஒரே அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தாது. 2025-இல் ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட மிக்கி ஷெரிலும் ஜாஷ் காட்ஹைமரும் அப்போது அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பது தேதிவாரியாகப் பொதுவில் கிடைக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மாநில விஷயங்கள் அல்ல. ராஸ் பராக்கா 2014 முதல் நியூவார்க்கின் மேயர். ஸ்டீவன் ஃபுலாப் 2013 முதல் 2026 ஜனவரி வரை ஜெர்சி சிட்டியின் மேயராக இருந்தவர். மேயர்களை எடைபோட நகர பட்ஜெட்டும் முடித்த வேலைகளுமே ஆதாரம். நியூவார்க்கில் ஏறத்தாழ 23,000 ஈயக் குடிநீர்க் குழாய்கள் மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றப்பட்டன. ஜெர்சி சிட்டி 2013-இலேயே ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பைச் சட்டமாக்கியது. இப்படிச் சரிபார்க்கத்தக்க செயல்களை நோட்டில் எழுதுங்கள். ஸ்டீவ் ஸ்வீனி நெடுங்காலம் மாநில செனட்டின் தலைவராக இருந்தவர். எந்த மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார் என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் தேடலாம். ஷான் ஸ்பில்லர் அப்போது மாநில ஆசிரியர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். மான்ட்கிளேர் மேயராகவும் இருந்தவர் என்பதால், இரு இடங்களிலும் தேட வேண்டும்.

குடியரசுக் கட்சியிலும் அப்படியே. ஜாக் சியாட்டரெல்லி முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், 2021-இல் இதே பதவிக்குப் போட்டியிட்டுக் குறைந்த வேறுபாட்டில் தோற்றவர். ஜான் பிராம்னிக் மாநில செனட்டர். இவர்களுக்கு வாக்கெடுப்புப் பதிவு உண்டு. பில் ஸ்பேடியா வானொலி நிகழ்ச்சி நடத்தியவர். அங்கே அவர் பேசிவந்ததே பதிவு.

7. பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மாநிலத் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையத்தின் இணையதளத்தில் நன்கொடை அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். தேர்தலுக்கு 29 நாட்கள் முன்பும் 11 நாட்கள் முன்பும் அறிக்கை வரவேண்டும்; 2025-இல் அவை மே 12, மே 30. இரண்டாவது அறிக்கையைப் பார்த்த பிறகு வாக்களிப்பது நல்லது.

2025-இல் ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சத்தொகை 5,800 டாலர். 580,000 டாலர் திரட்டிய வேட்பாளருக்கு ஒரு டாலருக்கு இரண்டு டாலர் என்ற கணக்கில் பொதுநிதி கிடைக்கும். அதைப் பெறுபவர் 8.7 மில்லியன் டாலர் செலவு வரம்புக்கும் இரண்டு விவாதங்களில் பங்கேற்பதற்கும் கட்டுப்பட்டவர். விவாத மேடையில் ஒருவர் இல்லை என்றால், பயந்து ஒதுங்கினார் என்று முடிவு கட்டும் முன் அவர் அந்தத் தொகையை எட்டினாரா என்று பாருங்கள். வேட்பாளரோடு சேராமல் தனியே செலவிடும் குழுக்களுக்கு இந்த வரம்பு இல்லை. விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் யார் பணம் தந்தது என்று இருக்கும்; அதைப் படிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

நன்கொடை தர விரும்பினால் ஓர் எச்சரிக்கை: குடிமக்களும் கிரீன் கார்டு உடையவர்களும் தரலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் எந்த மட்டத் தேர்தலுக்கும் தரக்கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். விருந்து நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டும் நன்கொடையே.

8. வாக்குச்சீட்டைப் படிக்கும் முறை

ஒரே பதவிக்குப் போட்டியிடுவோர் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து வருவார்கள். பெயர்களின் வரிசை குலுக்கலில் தீர்மானிக்கப்படுவது. முதலில் இருப்பதால் முதன்மையானவர் என்று பொருளில்லை. பெயருக்குக் கீழே ஆறு சொற்களுக்கு மிகாத முழக்கம் இருக்கும். கவுண்டிக் கட்சி அமைப்பின் ஆதரவு பெற்றவர் அதை அந்த முழக்கத்தில் தெரிவிப்பதுண்டு. அது கட்சி நிர்வாகிகளின் கருத்து. அதே சீட்டில் மாநிலச் சட்டமன்றக் கீழவை வேட்பாளர்களும் இருப்பார்கள் என்பதால், வீட்டுக்கு வரும் மாதிரிச் சீட்டை முன்பே பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் சுற்று கிடையாது. ஆறு பேரில் எவர் அதிகம் பெற்றாலும் வெற்றி. பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. 2025-இல் ஷெரில் ஏறத்தாழ 34 விழுக்காடு வாக்குகளோடு தம் கட்சி வேட்பாளரானார். நவம்பரில் வென்று ஆளுநருமானார். மறுபக்கத்தில் சியாட்டரெல்லி மூன்றில் இரண்டு பங்கு பெற்றுத் தெளிவாக வென்றார். நெருக்கமான போட்டியில் உங்கள் முதல் விருப்பமானவர் வெகுவாகப் பின்தங்கியிருந்தால், முன்னணியில் இருக்கும் இருவரில் யாரை ஏற்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டிவரும். நான் என் முதல் விருப்பத்துக்கே வாக்களித்தேன். வேறுவிதமாக முடிவெடுத்த நண்பர்களின் காரணமும் எனக்குப் புரிந்தது.

9. பெற்றோரை அழைத்துச் செல்லும்போது

50 வயதுக்கு மேல் 20 ஆண்டுகள், அல்லது 55 வயதுக்கு மேல் 15 ஆண்டுகள் கிரீன் கார்டில் இருந்தவர்கள் ஆங்கிலத் தேர்வு இல்லாமல், தம் மொழியிலேயே குடிமையியல் தேர்வு எழுதிக் குடியுரிமை பெறலாம். அப்படிக் குடியுரிமை பெற்ற அம்மாவோ மாமனாரோ ஆங்கிலச் சீட்டைப் படிக்க முடியாதவராக இருக்கலாம்; தமிழில் வாக்குச்சீட்டு இல்லை. எழுதப் படிக்க இயலாதவரும் மாற்றுத்திறனாளியும் தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு வாக்குப்பதிவு இடத்துக்குள் அழைத்துச் செல்லக் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம் உரிமை தருகிறது. வாக்காளருடைய முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் உதவியாளராக வரக்கூடாது. உதவியாளரின் வேலை படித்துச் சொல்வதும் அவர் சொன்ன இடத்தில் குறிப்பதும் மட்டுமே. என் அம்மாவின் தேர்வு என் தேர்விலிருந்து வேறாக இருந்தது. அவர் சொன்னபடியே குறித்தேன்.

10. வாக்களித்த பிறகு

அஞ்சல் வாக்குச்சீட்டு கேட்டவர் அதைப் பயன்படுத்தாமல் நேரில் போனால், இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். தாற்காலிக வாக்குச்சீட்டு தருவார்கள். அதோடு வரும் உறுதிமொழிப் பகுதியை முழுமையாக நிரப்பிக் கையொப்பமிடுங்கள். இருமுறை வாக்கு விழவில்லை என்று சரிபார்த்த பிறகே அதை எண்ணுவார்கள் என்பதால் சில நாட்கள் ஆகும். மாநில இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, வாக்கு ஏற்கப்பட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கையொப்பம் பொருந்தவில்லை என்று குறைதிருத்தக் கடிதம் வந்தால், அதிலுள்ள கெடுவுக்குள் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினால் வாக்கு காப்பாற்றப்படும்.

11. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன கட்சி விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டெலவேர் ஆற்றைத் தாண்டிய பென்சில்வேனியாவில் கட்சியில் பதிவு செய்யாதவருக்கு முதனிலையில் வாக்கே இல்லை, நியூயார்க்கிலும் அப்படியே. டெக்சாஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது, சாவடியில் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று உண்டு. கலிஃபோர்னியாவில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் வருவார்கள், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். மாநிலம் மாறிக் குடியேறினால், பால், மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றோடு சேர்த்து முதல் வாரத்திலேயே அந்த மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் கெடு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.